கண்டு களைக: கருப்பைத் தொங்குதசையும் அறுவை மருத்துவமும்

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடையே விரிந்து கிடக்கும் திண்டுக்கல் சமவெளி, பெண்களின் உழைப்பால் இயங்குவது. நிலக்கோட்டை வட்டாரத்தில் விடியுமுன் மல்லிகை பறிப்போர், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இரவு பகல் முறை வைத்து நிற்போர், ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி தரம் பிரிப்போர், சின்னாளபட்டியில் தறியோடும் சாயத்தோடும் வாழ்வோர் என அவ்வுழைப்பு பல முகம் கொண்டது. நின்றும் குனிந்தும் சுமந்தும் செய்யும் இவ்வேலைகளுக்கு நடுவே, மாதந்தோறும் மிகுதியாகக் குருதி போகும் துன்பத்தையும் பலர் வாய்திறவாமல் தாங்குகின்றனர். சித்த மருத்துவம் இதனைப் பெரும்பாடு என வழங்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் 53.4% பேர் குருதிச்சோகை உடையவர்கள் என்பது ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின் முடிவு. சோகைக்குக் காரணங்கள் பல. மிகுதியான மாதவிடாய் அவற்றுள் எளிதில் மறைந்துகொள்ளும் காரணம்.

பெரும்பாட்டுக்கும் காரணங்கள் பல உண்டு. கருப்பைத் தசையில் தோன்றும் நார்க்கட்டி, இயக்குநீர்களின் ஏற்றத்தாழ்வு, தைராய்டுக் கோளாறு, குருதி உறையாமை, அரிதாகப் புற்றுநோய் ஆகியவை அவற்றுட் சில. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது கருப்பையின் உட்புறத்தே வளரும் தொங்குதசை. மருத்துவமனைகளில் இதனைப் பாலிப் என்பர். ஊர்ப்பேச்சில் கர்ப்பப்பையில் சதை வளர்ந்திருக்கிறது என்பர். பெரும்பாலும் தீங்கற்றது, உரிய கருவியால் கண்டு, அடியோடு நீக்கிவிட்டால் தீர்ந்துபோவது. ஆயினும் இதன்பொருட்டுக் கருப்பையையே இழக்கும் பெண்களும் உளர். ஆண்டுக்கணக்கில் மருந்துண்டு ஓய்ந்தவர்களும் உளர். ஆதலால் இதனை அறியும் வழிகளையும் அகற்றும் வழிகளையும் பெண்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

தொங்குதசையின் இயல்பு

கருப்பையின் உட்சுவரை மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரின் தூண்டலால் அது மாதந்தோறும் தடிக்கிறது. கரு தங்காவிடின் அதன் மேலடுக்கு குருதியோடு கழிகிறது. அடியடுக்கிலிருந்து மீண்டும் வளர்கிறது. இவ்வடியடுக்கின் ஒரு சிறு பகுதி தனிப்போக்கில் பெருகி, உட்குழிவை நோக்கி நீளுவதே தொங்குதசை. சுரப்பிகளும் இணைப்புத் திசுவும் தடித்த சுவர் கொண்ட குருதிக்குழாய்களும் அதனுள் இருக்கும். சில, காம்பு பெற்றுத் தொங்கும். சில, அகன்ற அடியுடன் சுவரில் ஒட்டியிருக்கும். சில மில்லிமீட்டர் அளவிலிருந்து பல சென்டிமீட்டர் வரை வளரும். ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம்.

சுற்றியுள்ள படலம் மாதந்தோறும் உதிரும்போது தொங்குதசை முழுமையாக உதிர்வதில்லை. அதன் முனையில் குருதியோட்டம் குன்றிப் புண்ணாவதும் உண்டு. இதனால் மாதவிடாய் மிகும்; இரு மாதவிடாய்களுக்கு இடையே திட்டுத் திட்டாகக் குருதி தென்படும்; மாதவிடாய் நின்ற பின்னரும் குருதி வரும். எவ்வகை அறிகுறியும் காட்டாமல் இருந்து, வேறொன்றுக்காக ஸ்கேன் எடுக்கையில் தெரியவருவதும் மிகுதி. அகவை ஏறுதல், உடற்பருமன், குருதிக்கொதிப்பு, மார்பகப் புற்றுநோய்க்காகத் தாமாக்சிஃபென் மாத்திரை உட்கொள்ளுதல் ஆகியவை இதற்கான வாய்ப்பை உயர்த்துகின்றன.

புற்றுநோய் அச்சம் இயல்பே. ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்குகையில், மாதவிடாய் நிற்காத பெண்களின் தொங்குதசைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றிலும், நின்றவர்களிடம் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்திலும் புற்றோ அதற்கு முந்தைய மாற்றமோ காணப்படுகிறது. மாதவிடாய் நின்ற பின் குருதி வந்தால் இடர் கூடுகிறது. அவ்வாறு குருதி கண்ட பெண்களில் ஏறத்தாழ 9% பேருக்குக் கருப்பை உட்படலப் புற்று இருப்பதாக உலகளாவிய தொகுப்பாய்வு கூறுகிறது. ஆகவே மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி குருதி கண்டாலும், அதனைச் சூடு என்று தள்ளிவிடாமல் மருத்துவரை நாடுதல் கட்டாயம்.

காணும் வழிகள்

முதல் வழி, பிறப்பு வழியே சிறு கருவியைச் செலுத்திச் செய்யும் மீயொலி ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்து எடுப்பதைவிட இது உட்படலத்தை நன்கு காட்டும். மாதவிடாய் முடிந்த சில நாட்களுள், அதாவது சுழற்சியின் பத்தாம் நாளுக்குள் எடுப்பது நலம். அப்போது படலம் மெல்லியதாக இருப்பதால் தொங்குதசை தனித்துத் தெரியும். சுழற்சியின் பிற்பகுதியில் எடுத்தால் தடித்த படலத்தைத் தொங்குதசை என்றோ, தொங்குதசையைத் தடித்த படலம் என்றோ மயங்க நேரும். குருதியோட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் முறையில், காம்பினூடே ஒற்றைக் குருதிக்குழாய் செல்வது தெரிந்தால் ஐயம் வலுப்பெறும்.

இரண்டாம் வழி, மெல்லிய குழாய் மூலம் கருப்பைக்குள் தூய உப்புநீரைச் சிறிதளவு செலுத்தியபடி ஸ்கேன் எடுப்பது. ஒட்டிக்கிடக்கும் இரு சுவர்களும் நீரால் விலக, நடுவே நீண்டிருக்கும் தொங்குதசை வடிவோடு வெளிப்படும். செலவு குறைவு, மயக்கம் தேவையில்லை, துல்லியம் மிகுதி. ஸ்கேன் கருவி உள்ள எந்த மகளிர் மருத்துவமனையிலும் இதனைச் செய்ய இயலும்.

மூன்றாம் வழியே ஐயந்திரிபற அறியும் வழி. ஹிஸ்டிரோஸ்கோப்பி எனப்படும் கருப்பை அகநோக்கல் அது. ஒளியும் ஒளிப்படக் கருவியும் இணைந்த சில மில்லிமீட்டர் பருமனுள்ள நோக்கியைக் கருப்பை வாய் வழியே செலுத்தி, உட்குழிவை உப்புநீரால் விரித்து, நான்கு புறமும் திரையில் காண்பது. வயிற்றில் கீறலே இல்லை. தொங்குதசை எங்கே வேர்கொண்டுள்ளது, எவ்வளவு பெரிது, அதன் மேற்பரப்பு எத்தகையது, பக்கத்துப் படலம் நலமாக உள்ளதா என்பன யாவும் கண்முன் விளங்கும். காண்பதோடு நில்லாமல் அக்கணமே நீக்கவும் இயல்வது இதன் தனிச்சிறப்பு.

1869: அகநோக்கலின் பிறப்பு

அகநோக்கலின் வரலாறு தொங்குதசையோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்தது. உடலின் உட்புறத்தை ஒளி செலுத்திக் காணும் கருவியை 1806ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் மருத்துவர் பிலிப் பொசினி அறிவித்தார். மெழுகுவத்தியின் ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் குழாய்க்குள் விடுவது அவர் முறை. பாரிசு மருத்துவர் தெசோர்மோ 1853ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி, எரிநெய் விளக்கோடு கூடிய கருவியாக்கினார். அக்கருவியைப் போன்ற ஒன்றைக் கொண்டு பாந்தலேயோனி என்னும் மருத்துவர் 1869ஆம் ஆண்டில், மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கால் துன்புற்ற அறுபது அகவைப் பெண்ணின் கருப்பையை உள்நோக்கினார். அவர் அங்கே கண்டது ஒரு தொங்குதசை. அதனை வெள்ளி நைட்ரேட்டால் சுட்டார். உலகில் முதன்முதல் பதிவான கருப்பை அகநோக்கல் அதுவே. முதற் காட்சியிலேயே நோயறிதலும் மருத்துவமும் ஒருங்கே நிகழ்ந்தன.

ஆயினும் அம்முறை பரவுவதற்கு நூறாண்டு தேவைப்பட்டது. கருப்பையின் சுவர் தடித்தது, எளிதில் விரியாதது, தொட்டால் குருதி கசிவது. அதனை விரிக்கும் நீர்மமும் சுடாத ஒளியும் தெளிந்த ஆடியும் அமையும்வரை அகநோக்கல் அரிய கலையாகவே நின்றது. ஆங்கிலேய இயற்பியலர் ஹரால்டு ஹாப்கின்சு வகுத்த கண்ணாடித் தண்டு ஆடிமுறை, மெல்லிய குழாயிலும் கூரிய காட்சியைத் தந்தது. இத்தாலிய மருத்துவர் இசுடெஃபானோ பெத்தோக்கி 1990களில் சிறு நோக்கியை அமைத்தார். பிறப்பு வழியை விரிக்கும் இடுக்கியோ கருப்பை வாயைப் பற்றும் கொக்கியோ இன்றி, நீரோட்டத்தின் துணையால் நோக்கியை உட்செலுத்தும் முறையையும் பரப்பினார். அதனால் வெளிநோயாளர் அறையிலேயே, மயக்கமின்றி, இதனைச் செய்ய வழி பிறந்தது.

காணாமல் சுரண்டுவதன் குறை

அகநோக்கல் வளருமுன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிசு மருத்துவர் ரெக்காமியே அமைத்த சுரண்டுகரண்டியே மருத்துவரின் துணை. கருப்பை வாயை விரித்து, கரண்டியை உள்ளே செலுத்தி, படலத்தைச் சுரண்டியெடுக்கும் இம்முறையே டி அண்ட் சி. கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தல் என்று நம் ஊர்களில் சொல்வது இதனையே. கைத்தொடு உணர்வன்றிக் கண்ணின் துணை இதற்கு இல்லை. கிணற்றில் விழுந்த குடத்தைக் கரையில் நின்று பாதாளக்கரண்டியால் துழாவுவது போன்றது இது. குடம் சிக்கினும் சிக்கும். பக்கத்தே கிடந்தும் சிக்காமற் போகும். காம்பில் அசையும் தொங்குதசை கரண்டிக்கு ஒதுங்கிக்கொள்ளும். சிக்கினும் முனை மட்டும் அறுந்து, அடி எஞ்சும்.

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனை மெய்ப்பித்தது. கருப்பை நீக்கத்துக்கு உள்ளாகவிருந்த 50 பெண்களுக்கு முதலில் சுரண்டல் செய்து, பின்னர் எடுத்த கருப்பையைத் திறந்து பார்த்தனர். 60% பேரிடம் உட்பரப்பின் பாதிகூடச் சுரண்டப்பட்டிருக்கவில்லை. இக்காரணத்தால் தொங்குதசைக்குக் காணாச் சுரண்டல் ஏற்ற மருத்துவமன்று என்பதே இன்று உலக மகளிர் மருத்துவ அமைப்புகளின் பொதுக்கருத்து. மெல்லிய உறிஞ்சுகுழாயால் திசு எடுக்கும் முறை, பரவலான புற்றை அறிய உதவும். ஓரிடத்தில் ஒதுங்கிய தொங்குதசையை அதுவும் தவறவிடும். அகநோக்கி கிட்டாத இடத்தில் ஒருவருக்குச் சுரண்டல் செய்தும் குருதிப்போக்கு தொடர்ந்தால், நோய் தீரவில்லை என்றே கொள்ளுதல் வேண்டும்.

கண்டு அகற்றும் கருவிகள்

நோக்கியினூடே செல்லும் சிறு கத்தரியும் பற்றுகருவியும் முதல் வகை. சிறிய, காம்புடைய தொங்குதசையை அடியில் நறுக்கிப் பற்றி வெளியே கொணர்வர். மின்சாரம் வேண்டாம், செலவு சிறிது. பெரியதும் அகன்ற அடியுடையதுமான தொங்குதசைக்கு மின்வளையம் பொருத்திய வெட்டுநோக்கி ஏற்றது. அது இரண்டாம் வகை. வளையம் தொங்குதசையைச் சீவல் சீவலாக அடிவரை அரிந்தெடுக்கும். குருதிக்குழாயையும் சுட்டு அடைக்கும். மூன்றாம் வகை, நெதர்லாந்து மருத்துவர் மார்க் இமானுவேல் உருவாக்கிய திசு அரிகருவியின் வழிவந்தது. சுழலும் அலகு திசுவை அரிய, உறிஞ்சுகுழாய் அதனை அவ்வப்போதே வெளியே இழுத்துக்கொள்ளும். விரைவானது, ஆயினும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் அலகுகளால் விலை மிகுந்தது.

எக்கருவியால் எடுத்தாலும் மாறாத நெறி ஒன்றுண்டு. எடுத்த திசு முழுவதையும் நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்புதல் வேண்டும். பயாப்சி முடிவு வரும்வரை மருத்துவம் நிறைவுறவில்லை. அம்முடிவைக் கேட்டுப் பெறுவதும் பாதுகாத்து வைப்பதும் நோயாளியின் உரிமை.

வெளிநோயாளராக மயக்கமின்றிச் செய்வதா, உள்நோயாளராக மயக்கம் தந்து செய்வதா என்பதையும் ஆய்ந்துள்ளனர். பிரிட்டனில் 507 பெண்கள் பங்கேற்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆறு திங்கள் கழிந்தபின் வெளிநோயாளர் முறையில் 73% பேரும் உள்நோயாளர் முறையில் 80% பேரும் குருதிப்போக்கில் நற்பயன் கண்டனர். வெளிநோயாளர் முறையில் வலி கூடுதல். தொங்குதசையை முழுமையாக எடுக்கவியலாமற் போன நிகழ்வுகளும் கூடுதல். மறுபுறம், கருப்பைச் சுவர் துளைபட்ட நான்கு நிகழ்வுகளும் மயக்கம் தந்து செய்த பிரிவிலேயே நேர்ந்தன. ஆகவே சிறிய தொங்குதசைக்கு வெளிநோயாளர் முறை போதும். பெரியதாயின், கருப்பை வாய் இறுகியிருப்பின், வலியஞ்சுவோராயின் மயக்கம் தந்து செய்வதே நன்று. எம்முறையாயினும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம்.

குழந்தை வேண்டி மருத்துவம் பெறுவோர்க்கு இவ்வறுவையின் பயன் தனித்துச் சொல்லத்தக்கது. மாட்ரிட் நகர ஆய்வொன்று 2005ஆம் ஆண்டில் வெளியானது. கருப்பைக்குள் விந்து செலுத்தும் மருத்துவத்துக்குக் காத்திருந்த பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குத் தொங்குதசையை அகற்றினர். மற்றையோர்க்குத் திசு மட்டும் எடுத்தனர். அகற்றியவர்களில் 63% பேரும் மற்றையோரில் 28% பேரும் கருவுற்றனர். அகற்றிய பிரிவில் கருவுற்றவர்களுள் பெரும்பாலோர் விந்து செலுத்தும் மருத்துவம் தொடங்குமுன்னரே இயல்பாகக் கருத்தரித்தனர்.

இடர்களும் காப்பும்

எவ்வறுவையும் இடரற்றதன்று. கருப்பைச் சுவர் துளைபடுதல், கருப்பை வாய் கிழிதல், தொற்று, குருதிப்போக்கு ஆகியவை அரிதாக நேரலாம். கருப்பையை விரிக்கச் செலுத்தும் நீர்மம் குருதியில் கலப்பது மற்றோர் இடர். பழைய ஒருமுனை மின்வளையத்துக்குக் கிளைசின் போன்ற உப்பற்ற கரைசலே பொருந்தும். அது மிகுதியாகக் குருதியில் ஏறினால் சோடியம் தாழ்ந்து மூளை வீங்கும். ஆதலால் உடலில் தங்கிய கிளைசின் அளவு 1,000 மில்லிலிட்டரை எட்டினால் அறுவையை நிறுத்துவது நெறி. இருமுனை மின்வளையம் உப்புநீரிலேயே இயங்குவது; நலமுள்ள பெண்ணுக்கு அதன் வரம்பு 2,500 மில்லிலிட்டர். உட்சென்றதையும் வெளிவந்ததையும் அளந்துகொண்டே இருக்கும் செவிலியர், அறுவை அறையில் மருத்துவருக்கு இணையான காவலர்.

அறுவைக்கு முன் கருவுற்றிருக்கவில்லை என்பதையும் தொற்று இல்லை என்பதையும் உறுதிசெய்வர். சோகை மிகுந்திருப்பின் இரும்புச்சத்தோ குருதியோ ஏற்றித் தேற்றுவர். அறுவைக்குப் பின் சில நாள் சிறு கசிவும் அடிவயிற்று வலியும் இயல்பு. காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், பெருகும் குருதி, கடும் வயிற்றுவலி ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

எல்லாவற்றையும் அறுக்க வேண்டுவதில்லை

மாதவிடாய் நிற்காத பெண்ணிடம், அறிகுறி ஏதுமின்றி, ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய தொங்குதசை தென்பட்டால் காத்திருந்து நோக்கலாம். அத்தகையவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஓராண்டுக்குள் தானே மறைகிறது. மாதவிடாய் நின்றவர், குருதி காண்பவர், தாமாக்சிஃபென் உட்கொள்பவர், குழந்தை வேண்டுவோர் ஆகியோர் காத்திராமல் மருத்துவரோடு முடிவுசெய்தல் நன்று. இயக்குநீர் மாத்திரைகள் குருதிப்போக்கைச் சிறிது காலம் அடக்கலாம். தொங்குதசையைத் தீர்க்கும் மருந்தாக அவை நிறுவப்படவில்லை.

கருப்பை நீக்கம் இம்மருத்துவத்தின் கடைசிப் படி. திசு ஆய்வில் புற்றோ, புற்றாக மாறவல்ல பிறழ்வோ தெரிந்தால் அதுவே உயிர்காக்கும் அறுவை. அப்போது தயங்குதல் தவறு. தீங்கற்ற தொங்குதசைக்காக மட்டும் கருப்பையை எடுப்பதற்கு அறிவியல் இடந்தரவில்லை. அது பெரிய அறுவை. வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அந்த ஓய்வே பெருஞ்செலவு. சினைப்பைகளையும் சேர்த்து இளமையிலேயே எடுத்துவிட்டால் எலும்புத் தேய்வும் இதயநோயும் முந்தி வரும்.

தேவையற்ற கருப்பை நீக்கம் நாடு தழுவிய கவலை. இந்தியாவில் 15 முதல் 49 அகவைப் பெண்களில் 3.3% பேர் கருப்பையை இழந்தவர்கள் என ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம் 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் தீர்ப்பளித்தது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க நடுவண் நலவாழ்வுத் துறை 2022இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் செயற்படுத்துமாறு அத்தீர்ப்பு மாநிலங்களைப் பணித்தது.

திண்டுக்கல் மண்ணுக்கு உரிய கடமை

பெண்கள் நலத்துக்கான மருத்துவம் இம்மண்ணுக்குப் புதிதன்று. மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் இராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தை நிறுவினர். சின்னாளபட்டியில் சிறு மகப்பேற்று நிலையமாகத் தொடங்கிய பணி, கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்து சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் புகலானது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. மகளிர் மருத்துவத் துறையும் நோய்க்குறியியல் துறையும் இல்லாத மருத்துவக் கல்லூரி இல்லை. கண்டு அகற்றும் கையும், எடுத்த திசுவை ஆயும் கண்ணும் ஒரே வளாகத்தில் இருப்பதே தொங்குதசை மருத்துவத்துக்கு வேண்டிய முதன்மை அமைப்பு.

இனி வேண்டுவன மூன்று. மாவட்டத்தின் வட்டார அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும், சுழற்சியின் உரிய நாளில் பிறப்பு வழி ஸ்கேன் எடுக்கும் வசதி இருத்தல் வேண்டும். மாவட்டத் தலைமையிடத்தில் வெளிநோயாளர் அகநோக்கலுக்கென வாரத்தில் குறித்த நாள் ஒன்று அமைதல் வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று குருதிக்கொதிப்பும் சர்க்கரையும் நோக்கும் பணியாளர்கள், மாதவிடாய் மிகுதியாக உள்ளதா, நின்றபின் குருதி கண்டதா என்னும் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். குருதிக்கொதிப்பும் உடற்பருமனும் உடைய பெண்களிடமே தொங்குதசை மிகுதியாதலால், அப்பணியாளர்கள் செல்லும் வீடுகளே இவ்வினாக்களுக்கு ஏற்ற வீடுகள்.

தாய்மார்களே, குருதிப்போக்குக்காக மருத்துவரிடம் செல்லும்போது நான்கு வினாக்களை அஞ்சாமல் கேளுங்கள்: குருதிப்போக்குக்குக் காரணம் யாது? கருப்பையின் உள்ளே நேரில் பார்த்தீர்களா? பயாப்சி முடிவு என்ன? கருப்பையைக் காத்து இதனை மட்டும் அகற்ற இயலாதா? இவற்றுக்கு விடை கிடைக்குமுன் கருப்பை நீக்கத்துக்கு ஒப்புக் கையெழுத்து இடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அகநோக்கி அறுவைக்கு ஒப்புதல் உண்டா என முன்னரே வினவுங்கள். மகன்களும் கணவன்மாரும் இவ்வினாக்களைத் தாமும் அறிந்து உடன் செல்லுங்கள். காரணத்தைக் கண்டு, காரணத்தை மட்டும் களைவதே அறிவியலுக்கும் அறத்துக்கும் ஒத்த மருத்துவம்.